உப்பு தங்கிய குழாய்

ஓசூர்ப் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் பாதி ஆயுசு அட்டைப்பெட்டி ஒட்டிய அருளப்பன், கெஞ்சிக் கூத்தாடிப் பேக்கிங்கிலிருந்து பரிசோதனைக் கூடத்துக்கு மாற்றல் வாங்கிவந்தார். அங்கே வேலை சொல்லிக்கொடுத்த தில்ஷாத்துக்கு அவர் மகள் வயது. ஆனாலும் குரு குருதானே. வாய் நிறைய "மேடம்" என்பார்.

"மேடம், என்னை எப்போ தனியா டெஸ்ட் போட விடுவீங்க?"

"குழாயைக் கழுவி எடுத்துவைக்கத் தெரிஞ்ச அன்னிக்கு."

குழாய் என்றால் குரோமடோகிராபி குழாய். விரல் தடிமன் எஃகு. உள்ளே மாவைவிட நைசான தூள். உப்புக் கரைசலோடு மருந்தை அதற்குள் தள்ளினால், மருந்து வேறு கசடு வேறு என்று பிரித்துக் கொடுத்துவிடும்.

கழுவுவதில் என்ன பெரிய வித்தை? அன்று சாயங்காலம் ரிசல்ட் வந்தாயிற்று. கம்பெனி பஸ் வாசலில் உறுமுகிறது. கடைசியில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை நிரப்பித்தானே வைக்கப்போகிறோம் என்று, நடுவில் தண்ணீரே விடாமல் நேரே அதை ஓடவிட்டார் அருளப்பன். இரண்டு முனையையும் மூடி டிராயரில் போட்டுவிட்டு ஓடினார்.

மறுநாள் காலை குழாயை மாட்டி ஓடவிட்டதும் அழுத்தம் ஏறு ஏறென்று ஏறி மெஷின் நின்றுபோனது. குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப் சோதனைக்குக் காத்திருந்தது. அதற்கு இருந்தது அந்த ஒரு குழாய்தான்.

"குழாயே சரியில்லை, மேடம்."

தில்ஷாத் மிச்சமிருந்த உப்புக் கரைசலை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றினாள். அதன்மேல் அசிட்டோநைட்ரைல். தெளிவாக இருந்தது பாலாய்க் கலங்கி, வெள்ளை வெள்ளையாய் அடியில் படிந்தது.

குப்பியை அவர் கையில் கொடுத்தாள். "இதை உள்ளே வச்சுட்டுத்தான் நேத்து பஸ் ஏறினீங்க."

அருளப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. "மறுபடி பேக்கிங்குக்கே போகணுமா?"

"போறதுன்னா போங்க, சார். பஸ்தான் டயத்துக்கு வருதே."

"போகமாட்டேன்."

தண்ணீரை மெல்ல, மிக மெல்ல உள்ளே விட்டார். சாப்பிடக் கூப்பிட்டார்கள், அசையவில்லை. அழுத்தம் கொஞ்சம் இறங்கும், நின்று அடம்பிடிக்கும், மறுபடி இறங்கும். அவரும் அடம்பிடித்தார்.

மத்தியானத்துக்கு மேல் குழாய் வழிக்கு வந்தது. தில்ஷாத் பக்கத்தில் நிற்க, சிரப் சோதனையும் முடிந்தது.

வாசலில் பஸ் ஹாரன் அடித்தது.

"போயிடும், சார்."

"போகட்டும், மேடம். டவுன் பஸ் இருக்கு."

முதலில் தண்ணீர். உப்பு மொத்தமும் வெளியேறட்டும் என்று காத்திருந்தார். பிறகே அசிட்டோநைட்ரைல். இரண்டு முனையையும் இறுக்கி மூடி, டிராயரில் படுக்கவைத்தார்.

"ஒரு தடவை பாத்துட்டுப் போங்க, மேடம்."

தில்ஷாத் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். டிராயர் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்போ நாளைக்கு டெஸ்ட் யாரு போடறது?"

"மூடினவர்தான் திறக்கணும்."