நீர் திறந்த ஓவியன்

வெகு காலத்துக்கு முன்னால், பச்சோந்திகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஏழ்சுனை என்று ஒரு நாடு இருந்தது. அங்கே மலையிலிருந்து அருவி விழும். அருவி ஆறாகும். ஆறு வந்து பெருந்தாழை ஏரியில் நிறையும். அந்த ஏரிக்கரையில் தாண்டவன் என்று ஓர் ஓவியன் இருந்தான்.

அவனுக்கு உறவென்று ஓர் அக்கா மட்டும்தான். பெயர் வடிவு. பரிசல் விடுகிறவள். இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களையும் ஆடுகளையும் தயிர்ப்பானைகளையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவாள். பரிசலின் மூலையில் தாண்டவன் மடியில் பலகையோடு உட்கார்ந்திருப்பான். வட்டமான பரிசலுக்கு மூலை ஏது என்று கேட்பீர்கள். அக்காவுக்கு முதுகைக் காட்டி, தண்ணீரைப் பார்த்து அவன் எங்கே உட்கார்ந்தானோ அதுதான் மூலை.

ஒருமுறை பலகை கைநழுவி ஏரியில் விழுந்துவிட்டது. வடிவு கட்டிய சேலையோடு குதித்தாள். மூழ்கித் தேடி, மூச்சிரைக்க எடுத்து வந்தாள். தாண்டவன் முதலில் பலகையைத்தான் பார்த்தான். வண்ணம் கரையவில்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட்டான்.

அந்த நாட்டில் மற்ற ஓவியர்கள் எல்லாம் தெய்வங்களை வரைந்தார்கள், அரசர்களை வரைந்தார்கள், ஆடும் பெண்களை வரைந்தார்கள். தாண்டவன் மட்டும் மலையை, மரத்தை, வானத்தை, தண்ணீரை வரைந்தான். சந்தையில் அவன் படத்தைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"என்னப்பா இது, ஆளே இல்லையே! எல்லாரும் திருவிழாவுக்குப் போயிட்டாங்களா?"

"ஆள் திரும்பி வந்ததும் சொல்லியனுப்பு, வாங்கிக்கிறோம்!"

அவன் பலகைகளைச் சுமந்துகொண்டு வீடு திரும்புவான். வடிவு மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பாள்.

"எல்லா இடத்தையும் படமா எழுதறே. நம்ம ஏரியை எப்போடா எழுதுவே?"

"எழுதலாம் அக்கா. அது எங்கே போயிடப் போகுது?"

படத்தில் தண்ணீர் வந்தால் அதைக் கடைசியில்தான் தீட்டவேண்டும் என்பது அந்த நாட்டு ஓவியர்களின் வழக்கம். சிலைக்குக் கண் திறப்பதைப் போல. மலையும் மரமும் முடிந்தபிறகு, அந்த இடத்துத் தண்ணீரையே எடுத்து, அதில் நீலம் குழைத்துத் தீட்டுவார்கள். அதற்கு நீர் திறப்பது என்று பெயர். தாண்டவன் எத்தனையோ முறை நீர் திறந்தான். ஒரு முறையும் அவன் மனம் நிறையவில்லை. தண்ணீர் செத்துக் கிடப்பதாகவே அவனுக்குத் தோன்றியது.

ஒரு நாள் சந்தையில் சிரிப்பு வாங்கிக்கொண்டு வரும் வழியில், கள்ளிவேலிக்குப் பக்கத்தில் பலகைகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். வேலி பேசியது.

"இந்த நீலம் போதாதுப்பா."

உற்றுப் பார்த்தான். கள்ளியின் பச்சையில் ஒரு பச்சோந்தி இருந்தது. ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது, மறு கண்ணால் படத்தைப் பார்த்தது.

"உனக்கு என்ன தெரியும் நீலத்தைப் பற்றி?" என்றான் தாண்டவன் எரிச்சலோடு.

"நிறத்தைப் பற்றி என்கிட்டயா கேக்கறே?" என்று பச்சோந்தி நீலமானது, சிவப்பானது, மறுபடி பச்சையானது. "வேலியடியில ஒரு தூரிகை கிடக்குது பார். எடுத்துக்கோ. அதால நீர் திறந்தா தண்ணி அசையும். சத்தம் போடும். கிட்டப் போனா முகத்தில தெறிக்கும். ஒண்ணே ஒண்ணு. அந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு மட்டும் கேக்காதே."

"கேட்டால்?"

"கேட்டா பதில் தெரிஞ்சிடும்."

தாண்டவன் குனிந்து எடுத்தான். வெள்ளைக் காம்பு, சாம்பல் நிற முடி. கையில் வைத்ததும் குளிர்ந்தது. எங்கிருந்து என்று தாண்டவன் கேட்கவில்லை.

முதலில் வெண்சாரல் அருவியை வரைந்தான். பாறையை வரைந்தான், பாசியை வரைந்தான், கடைசியில் நீர் திறந்தான். பலகைக்குள் அருவி விழுந்தது! இரைந்தது! அவன் முகம் நனைந்தது. அரண்மனைக்குக் கொண்டுபோனான். அரசர் மாணிக்கவர்மர் சின்னப் பிள்ளை மாதிரி படத்துக்குள் கையை நீட்டி நனைத்துப் பார்த்தார்.

"ஓவியரே! இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தீர்?"

சந்தையில் சிரித்தவர்கள் அவனைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். அவனுக்கென்று ஒரு மாளிகை வந்தது. பட்டு மேலாடை வந்தது. கொஞ்ச நாளில் மலைச் சனங்கள் காலிக் குடங்களோடு அரண்மனை வாசலுக்கு வந்தார்கள். "அருவி நின்னுபோச்சு சாமி" என்றார்கள். மாடத்திலிருந்து தாண்டவன் பார்த்தான். கோடை கடுமை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். வேறெதுவும் தாண்டவன் கேட்கவில்லை.

இரண்டாவதாகக் கூழையாற்றை வரைந்தான். நாணலை வரைந்தான், மணல்திட்டை வரைந்தான், கடைசியில் நீர் திறந்தான். பலகைக்குள் ஆறு ஓடியது. வெளிநாட்டு அரசர்கள் படத்தைப் பார்க்க யானைமேல் வந்தார்கள். கொஞ்ச நாளில் உழவர்கள் காய்ந்த நெற்கதிர்களோடு வாசலுக்கு வந்தார்கள். "ஆறு வரலையே சாமி" என்றார்கள். காலம் அப்படி, மனிதன் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டான். வேறெதுவும் தாண்டவன் கேட்கவில்லை.

அவனுக்கு உண்மையிலேயே தெரியாதா? தெரியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் கதை சுலபமாகிவிடும். ஆனால் வாசலில் சனங்கள் நின்ற நாட்களில் அவன் மாடத்துச் சன்னலை ஏன் சாத்தி வைத்தான்? அதையும் சேர்த்துத்தானே சொல்லவேண்டும்.

மூன்றாவதாக அரசர் கேட்டார்: "உம் சொந்த ஊரில் பெரிய ஏரி இருக்கிறதாமே. அதை ஏன் இன்னும் வரையவில்லை?"

தாண்டவன் பெருந்தாழைக்குப் போனான். எத்தனையோ வருடம் கழித்துப் போனான். கரையில் ஒரு கிழவி பரிசலைக் கவிழ்த்து வைத்துத் தார் பூசிக்கொண்டிருந்தாள். பட்டு மேலாடையைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். பிறகு கையை இறக்கினாள்.

"அட, நம்ம தாண்டவனா! யாரோ பெரிய மனுஷன்னு கும்பிட்டுட்டேனேடா. திருப்பிக் குடு என் கும்பிடை!"

"அக்கா, ஏரியை எழுத வந்திருக்கிறேன்."

"இப்பவாவது வந்தியே" என்றாள் வடிவு. தார்க்கையைச் சேலையில் துடைத்தாள். "ஆனா ஏரி பாதிதான்டா இருக்கு. ஆறு வர்றதில்லை. அருவியும் நின்னுபோச்சாம். ஏன்னே தெரியலை. உனக்கு ஏதாவது தெரியுமா?"

அவன் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறையும் தாண்டவன் கேட்கவில்லை.

"ஒரு ஓரமா என் பரிசலையும் வெச்சுடுடா. நானும் இருக்கேன்."

"என் படத்தில் ஆள் கிடையாதே அக்கா."

"நான் ஆளா? உன் அக்காடா!"

அதற்குமேல் அவனால் மறுக்க முடியவில்லை. வடிவு தலையை வாரிக்கொண்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு நடு ஏரிக்குப் போனாள். அவன் தாழம்புதரை வரைந்தான். கரையை வரைந்தான். பரிசலை வரைந்தான். அவள் முகத்துக்கு வந்தபோது தூரிகை நின்றுவிட்டது. அந்தக் கரையில் எந்தப் புதர் எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரும். அக்காவின் மூக்குத்தி இடது பக்கமா வலது பக்கமா? தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. பரிசலில் போகிறவளின் முதுகுதானே தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதுகை வரைந்தான். பிறகு நீர் திறந்தான்.

பலகைக்குள் ஏரி தளும்பியது. பரிசல் அசைந்தது. துடுப்பு எழுந்து விழுந்தது. அவன் வாழ்நாளிலேயே அதைவிட நல்ல படம் எழுதியதில்லை.

தலை நிமிர்ந்து பார்த்தான். ஏரி இல்லை. பரிசல் இல்லை. கரைக்குக் கரை வெறும் சேறு.

"அக்கா!"

பலகைக்குள் பார்த்துக் கத்தினான். "அக்கா! அக்கா!" அவள் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தாள். முதுகு திரும்பவில்லை. அவன் சேற்றில் இறங்கி, ஏரி இருந்த இடமெல்லாம் விழுந்து எழுந்து தேடினான். கையில் ஏதோ குத்தியது. ஒற்றைக்கல் மூக்குத்தி ஒன்று. யாருடையதோ என்று மடியில் முடிந்துகொண்டு கள்ளிவேலிக்கு ஓடினான்.

பச்சோந்தி அங்கேயே இருந்தது. இப்போது கேட்டான்.

"அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கிருந்து வந்தது?"

"ஆ, கேட்டுட்டியே!" என்றது பச்சோந்தி. "இதை நீ என்னைக்கு வேணா கேட்டிருக்கலாம். நான் வேண்டாம்னு சொன்னேன், நீயும் சரின்னுட்டே."

"என்னை ஏன் இப்படி ஏமாற்றினாய்?"

"ஏமாத்தலைப்பா. நான் பக்கத்தில என்ன இருக்கோ அதோட நிறத்தை எடுத்துக்குவேன். அது யாரோடதுன்னு கேக்கமாட்டேன். உன்னைப் பார்த்தேன். என் சாதின்னு நினைச்சேன்."

தாண்டவன் தலை கவிழ்ந்து நின்றான். வெயில் முதுகைச் சுட்டது.

"திருப்பிக் கொடுக்க வழி உண்டா?"

"தூரிகை திறந்ததை உன் கை துடைக்கலாம். தண்ணி இறங்கற வழியிலதான் துடைக்கணும். அருவி முதல்ல, ஆறு அடுத்து, ஏரியைக் கடைசியா அதோட கரையில வெச்சு. ஆனா துடைச்ச கையில அப்புறம் நிறம் ஒட்டாது. யோசிச்சுக்கோ."

ஏரிப் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு அரண்மனைக்குப் போனான். அரசர் எழுந்து வந்தார். "வாரும் ஓவியரே! அதை இங்கே, நடுவில் மாட்டும்!"

தாண்டவன் அருவிப் படத்தின்மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தான்.

"தொடாதே! பைத்தியமா உனக்கு?"

அருவி வெளியே பாய்ந்தது. அவன் ஆற்றையும் தேய்த்தான். ஆறும் பாய்ந்தது. பட்டியிலிருந்து அவிழ்த்துவிட்ட ஆடுகள் வீட்டுக்கு ஓடுவதைப் போல இரண்டும் மண்டபத்தைக் கடந்து, வாசலைக் கடந்து, காலிக் குடங்களை எல்லாம் நிறைத்துவிட்டு மலையைப் பார்த்து ஓடின. அரசருடைய கிரீடமும் கூடவே போனது. அரசர் தூணைக் கட்டிக்கொண்டு இருமினார். நிறைய தண்ணீர் குடித்திருந்தார். வாசலில் சனங்கள் ஆரவாரம் செய்த சத்தம் கேட்டதும், இருமிக்கொண்டே வெளியே பார்த்தார். அதன்பிறகு அவர் தாண்டவனைத் தடுக்கச் சொல்லவில்லை.

பெருந்தாழைக் கரைக்கு வந்து சேர்ந்தான். பலகையை மடியில் வைத்தான். துடைக்கக் கையைத் தூக்கினான். கை நின்றது. எப்பேர்ப்பட்ட படம்! அந்தத் தளும்பல், அந்த வெளிச்சம். இதைத் துடைத்தால் இப்படி ஒருவன் இருந்தான் என்பதற்கு அடையாளமே இருக்காது. ஒரு மூச்சு நேரம்தான் தயங்கினான். உள்ளே அக்கா இருக்கும்போது தயங்கினான். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் பிற்காலத்தில் அவனால் தன்னை மன்னிக்க முடியவில்லை.

துடைத்தான்.

ஏரி வந்தது. பரிசல் வந்தது. முதுகு திரும்பியது.

"முடிஞ்சுதாடா?" என்று நடு ஏரியிலிருந்து வடிவு கத்தினாள். அவளுக்கு ஒரு துடுப்பு நேரம்கூட ஆகியிருக்கவில்லை. கரைக்கு வந்து பலகையை எட்டிப் பார்த்தாள். வெறும் மரம்.

"எங்கேடா படம்?"

"வரலை அக்கா."

"என்னைச் சேர்த்ததால கெட்டுப்போச்சா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். பழைய தூரிகை ஒன்றை எடுத்து நீலத்தில் தோய்த்துப் பார்த்தான். சேம்பிலையில் தண்ணீர்போல நிறம் வழிந்து ஓடிவிட்டது.

"சரி விடு. ஏறு, வெயில் ஏறுது."

பரிசலில் ஏறினான். இந்த முறை அவளைப் பார்த்து உட்கார்ந்தான்.

"என்னடா இப்படி உக்காந்திருக்கே? வேடிக்கை பார்க்கத் தண்ணி அந்தப் பக்கம் இருக்கு."

"இருக்கட்டும் அக்கா." அவள் மூக்கில் ஒன்றும் இல்லை. இடது பக்கம் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. "உன் மூக்குத்தி எங்கே?"

"அதுவா? உன் பலகைக்காகக் குதிச்சேனே, அன்னிக்கே விழுந்துபோச்சு. திருகு தளர்ந்திருந்துச்சு."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையேடா."

தாண்டவன் மடியை அவிழ்த்து நீட்டினான். வடிவு வாயைப் பிளந்தாள். வாங்கி, உரசி, ஊதி, மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"துளை தூர்ந்துபோச்சு" என்று சிரித்தாள். "இந்தா, துடுப்பைப் பிடி." விரலால் மூக்குத்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் முகம் பார்த்தாள். "நல்லா இருக்கா?"

"இருக்கு அக்கா" என்றான். இடது பக்கம், என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டான். இடது பக்கம்.

மலையில் அருவி விழுந்தது. அருவி ஆறானது. ஆறு வந்து பெருந்தாழை ஏரியில் நிறைந்தது. துடுப்புப் போடத் தெரியாதவன் பிடித்த பரிசல் சுற்றிச் சுற்றித்தான் போகும். சுற்றிச் சுற்றிப் போனது. அக்கரை போய்ச் சேர்ந்தது.