கெவுளி சுவரேறின கதை

அந்தக் காலத்துல பல்லிக்கு வீடும் கிடையாது, சுவரும் கிடையாது. மரப்பொந்துதான். மனுசங்களும் மத்த உசிருங்களும் ஒரே பாஷை பேசிக்கிட்டுத் திரிஞ்ச காலம் அது. மாடு "முதுகு வலிக்கு, இன்னைக்கு வண்டி பூட்டாத"ன்னு சொல்லும். வண்டிக்காரன் "நேத்தும் இதத்தான சொன்ன"ன்னு மல்லுக்கு நிப்பான். கோழியப் பத்திக் கேக்கவே வேண்டாம். ஒரு முட்டை போட்டா ஊரு பூரா சொல்லிட்டுத்தான் எறங்கும். அந்தப் பழக்கம் மட்டும் அதுக்கு இன்னும் போகல.

சரி, கோழி கெடக்கட்டும். மலைப்பாதை, கடக்கரைப் பாதை, கரிசக்காட்டுப் பாதை மூணும் வந்து சேர்ற இடத்துல ஒரு சந்தை ஊரு இருந்துச்சு. மலைக்காரங்க தேனும் கடுக்காயும் கொண்டாருவாங்க. கரிசக்காட்டுக்காரங்க கம்பும் பருத்தியும். கடக்கரைக்காரங்க உப்பும் கருவாடும். ஒருத்தரு சாப்பாடு ஒருத்தருக்கு ஆகாது, ஒருத்தரு சாமி பேரு ஒருத்தருக்கு வாயில நுழையாது. ஆனாலும் சந்தையன்னைக்கு வெயிலுக்கு ஒதுங்குறது எல்லாரும் ஒரே புளியமரத்தடியிலதான். அந்தப் புளியமரத்துலதான் நம்ம பல்லி இருந்தா. அவ பேரு கெவுளி.

கெவுளிக்கு ஒரு பழக்கம். யாரு என்ன சொன்னாலும் "ஆமா"ம்பா. "இந்த வருசம் மழை கொட்டும்"னு ஒருத்தன் சொன்னா "ஆமா." "ஒரு பொட்டுத் தண்ணி எறங்காது"ன்னு அடுத்தவன் சொன்னா "ஆமாமா." ஆமான்னு சொன்னா யாருக்குத்தான் கசக்கும்? ஈசலும் பூச்சியுமா கொண்டாந்து அவ வாயில போட்டாங்க. உச்சாணியில ஒக்காந்து மூணு பாதையையும் பாக்கறவளுக்குத் தெரியாதது என்ன இருக்குன்னு ஊரே நம்புச்சு. பாவம், அவளும் அப்படித்தான் நம்புனா.

அந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. ஒவ்வொரு வாசல்லயும் ஒரு பெரிய பானை நெறையத் தண்ணி இருக்கும், வழிப்போக்கனுக்கு. அதை மூட மாட்டாங்க. மூடினா "வராத, குடிக்காத"ன்னு மூஞ்சியில அடிச்சமாதிரி ஆயிரும்னு நெனைப்பு. கொட்டிக் கழுவவும் மாட்டாங்க. விருந்தாளி பங்கைத் தரையில கொட்டலாமான்னு கொறையக் கொறைய ஊத்திக்கிட்டே இருப்பாங்க. ஒரு மருமக தெரியாம மூடி வச்சுட்டான்னு அவ மாமியார்க்காரி ஒரு மாசம் அவகூடப் பேசலையாம். அந்த மருமகளுக்கு அந்த ஒரு மாசம்தான் நிம்மதியா இருந்துச்சாம், அது வேற கதை.

அந்த வருசம் அடைமழை. சங்கம்மான்னு ஒரு உப்புக்காரி, மகனோடயும் நெறமாசக்காரி மருமகளோடயும் சந்தைக்கு வந்தவ, கடக்கரைப் பாதையை வெள்ளம் அடைச்சுக்கிட்டதுனால திரும்ப முடியல. ஊரோரமா குடிசை போட்டுத் தங்கிட்டா. அவ தங்குன கொஞ்ச நாள்லயே ஊருக்குள்ள குளிர்காய்ச்சல் வந்துருச்சு. கம்பளி போத்தினாலும் பிள்ளைங்க உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு.

ஊர்ப் பெரியவரு வீரணன் புளியமரத்தடியில கூட்டம் போட்டாரு. அவரு மீசையப் பத்திச் சொல்லணும். நெய் தடவித் தடவி வளர்த்த மீசை. எறும்பு மொய்க்கும்னு தூங்கும்போது துணி சுத்திக்கிட்டுத்தான் படுப்பாரு. அந்த மீசையத் தடவிக்கிட்டே சொன்னாரு:

"இந்த உப்புக்காரி வந்தா, பின்னாலயே காய்ச்சல் வந்துச்சு. உப்பு மூட்டையிலதான் ஒளிஞ்சு வந்துருக்கு. என்ன கெவுளி, மேல இருந்து பாக்கறவ நீ. சரிதான?"

கெவுளி யோசிக்கல. வாய் தானா தொறந்துச்சு.

"ஆமா."

அவ்வளவுதான். பொழுதடையிறதுக்குள்ள சங்கம்மா குடும்பம் ஊரை விட்டுப் போயிரணும்னு தீர்ப்பாச்சு.

கூட்டம் கலைஞ்சப்புறம் சங்கம்மா மரத்தடிக்கு வந்து நின்னா. அழல. இடுப்புல கைய வச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்தா.

"ஏட்டி கெவுளி, எறங்கு கீழ."

"நான் என்ன செய்ய? எல்லாரும் சொன்னாக, நானும் சொன்னேன்."

"என் மருமக இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. இடுப்பளவு வெள்ளத்துல அவளை எப்படிட்டி கூட்டிட்டுப் போவேன்? வழியில வலி எடுத்தா எதுல கெடத்துவேன்? அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆச்சுன்னா நீ கொன்னதாத்தான் கணக்கு. காய்ச்சல் கண்ட வீட்டுக்குள்ள ஒரு தடவையாவது நீ காலெடுத்து வச்சிருக்கியா?"

"இல்ல."

"அப்ப எந்த வாயால ஆமான்ன?"

கெவுளிக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. உச்சியில இருந்து கூரை மட்டும்தான தெரியும்! கூரைக்குக் கீழ என்ன நடக்குதுன்னு அவளுக்கு ஒண்ணும் தெரியாது. "பொழுதடைய இன்னும் நேரமிருக்கு, போயிப் பாத்துட்டு வாரேன்"னு மரத்தை விட்டு எறங்கினா. தரையில போனா மிதிச்சிருவாங்களேன்னு சுவத்துல ஏறினா. மொதல்ல வழுக்குச்சு. தொப்புன்னு ஒரு ஆட்டுக்குட்டி மேல விழுந்தா. "கண்ணு தெரியலையா?"ன்னு அது வஞ்சுது. மறுபடி ஏறினா. வெரலை அகட்டி அழுத்தி, நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஏறினா.

மொதல்ல மலைக்காரங்க தங்கியிருந்த சாவடி. கடலுப்பு அவங்களுக்கு ஆகாது, சாம்பலுப்புதான் போட்டுத் திம்பாங்க. அங்கேயும் ஒரு பொம்பளப்பிள்ளை குளிர்ல வெடவெடன்னு நடுங்கிக் கெடந்துச்சு. 'அப்ப உப்பு இல்ல'ன்னு கெவுளி நெனைச்சா. அடுத்து கரிசக்காட்டுக்காரன் வீடு. அங்கேயும் காய்ச்சல். வீரணன் வீட்டுலயே கைப்பிள்ளை அனலாக் கெடந்துச்சு. கடைசியா சங்கம்மா குடிசைக்குப் போனா. கூரை முட்ட உப்பு மூட்டை. ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட இல்ல. மருமக வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓலைப்பெட்டி கட்டிக்கிட்டிருந்தா.

"உங்க வாசல்ல பானை எங்க?"ன்னு கேட்டா கெவுளி.

"எங்க பானையில யாரு குடிக்கப் போறா? ஒரு நாளு வச்சேன். ஒதுங்கி ஒதுங்கிப் போனாக. அப்புறம் எதுக்கு வைக்கன்னு கவுத்துட்டேன்"னா மருமக.

கெவுளிக்குப் பொறி தட்டுச்சு. ஒரே ஓட்டமா வீரணன் வாசலுக்கு வந்து பானை விளிம்புல தலைகீழாத் தொங்கிக்கிட்டுப் பாத்தா. தண்ணிக்குள்ள கூத்தாடிப் புழுவா நெளியுது. பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு புழுக்கூடு மேல வந்து வெடிச்சுது. அதுலருந்து ஒரு கொசு காலை உதறிக்கிட்டு எந்திரிச்சு, நேரா வீட்டுக்குள்ள பறந்துச்சு. கெவுளியும் பின்னாலயே போனா. தொட்டில்ல கெடந்த பிள்ளை கன்னத்துல கொசு ஒக்காந்துச்சு. அது குடிக்கிறதுக்குள்ள கெவுளி லபக்குன்னு முழுங்கிட்டா.

வெளிய சங்கம்மா வண்டி கெளம்பிருச்சு. வேடிக்கை பாக்க ஊரே கூடி நிக்குது. கெவுளி வீரணன் வீட்டுச் சுவத்துல இருந்து கத்துனா:

"நிறுத்துங்க! நான் சொன்னது தப்பு. காய்ச்சல் உப்புல இல்ல, உங்க பானையில இருக்கு! அதுல பொறக்குற கொசுதான் வீடு வீடாக் கொண்டாருது!"

ஊரு சிரிச்சுது. "காலையில ஆமா, சாயந்தரம் இல்லையா? உப்புக்காரி எத்தனை கருவாடு குடுத்தாட்டி?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

வீரணனுக்கு மீசை துடிச்சுது. "எங்க பாட்டன் பூட்டன் வச்ச தண்ணிப் பானையவா கொற சொல்லுத?"ன்னு எட்டி அவ வாலைப் பிடிச்சு இழுத்தாரு. கெவுளி சுவத்தை விடல. அவரும் வாலை விடல. வாலு பட்டுன்னு அத்துக்கிட்டு அவரு உள்ளங்கையில கெடந்து துள்ளுச்சு. அம்புட்டுப் பெரிய மீசைக்காரரு "ஐயோ"ன்னு அதை ஒதறிட்டுப் பின்னால குதிச்சாரு.

வாலு போனாலும் கெவுளி வாயை மூடல. "இன்னொரு வாலு இருந்தா அதையும் பிடுங்குங்க. ஆனா பானைக்குள்ள பாத்துட்டுப் பிடுங்குங்க!"

யாரும் அசையல. அப்பதான் வீரணன் பொண்டாட்டி காத்தாயி, நெருப்பாக் கொதிக்கிற பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தா. புருசனைத் திரும்பிக்கூடப் பாக்கல. இடுப்புல செருகியிருந்த வெள்ளைத் துணிய வாசல்ல விரிச்சா. ஒத்தக் கையால பானையச் சாய்ச்சா. விருந்தாளி தண்ணி எல்லாரும் பாக்கத் தரையில ஓடுச்சு. துணி மேல புழு நெளிஞ்சுச்சு.

"ஏத்தா, இதையா நாம வர்றவுகளுக்கெல்லாம் குடுத்தோம்?"னா ஒரு கெழவி.

வீரணன் தொண்டையக் கனைச்சாரு. "ரெண்டு சந்தை நாளு போகட்டும். பானை எல்லாத்தையும் கழுவி, வாயை மூடித் துணியால வேடு கட்டுங்க. அதுவரைக்கும்..." சங்கம்மா முகத்தைப் பாக்க முடியாம மாட்டைப் பாத்துச் சொன்னாரு, "அந்த வண்டியத் திருப்புங்க."

மாடுதான் மொதல்ல சந்தோசப்பட்டுச்சு. "நான் அப்பவே சொன்னேன், முதுகு வலிக்குன்னு."

சங்கம்மாவுக்குப் பேத்தி பொறந்தா. பிரசவம் பாத்தது மலைக்காரி, பத்தியக் கஞ்சி வச்சது காத்தாயி. ரெண்டு சந்தைக்குள்ள காய்ச்சல் ஒவ்வொரு வீடா எறங்குச்சு. வீரணன் வீட்டுக்கு எதுத்த வீட்டுக்காரரு ஒருத்தரு மட்டும் "பானையில கை வைக்க விடமாட்டேன்"னு முறுக்கிக்கிட்டு இருந்தாரு. கடைசியாக் குளிர்ல நடுங்குனவரும் அவருதான். போத்திக்கிட்டே வந்து பானையக் கவுத்தாரு.

கெவுளிக்கு வாலு மறுபடி மொளைச்சுது. ஆனா அவ மரத்துக்குத் திரும்பிப் போகல. எல்லா வீட்டுக்காரங்களும் "எங்க வீட்டுல இரு, எங்க வீட்டுல இரு"ன்னு கூப்பிட்டாங்க. அவ பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்கன்னு வீட்டுக்கு ஒண்ணாப் போயிச் சேந்துச்சுங்க. கெவுளி பேச்சையும் கொறைச்சுக்கிட்டா. யாராவது பாக்காத ஒண்ணைப் பாத்தமாதிரிச் சொன்னா, "பொறு பொறு"ங்கிறதுக்குப் பதிலா நாக்கை மட்டும் தட்டுவா. "த்ச், த்ச், த்ச்."

அன்னைக்கு எறங்குனதுதான். இன்னைக்கும் மலையோரமோ கடக்கரையோ, குடிசையோ மாடிவீடோ, எந்தச் சாமி படம் மாட்டின சுவரானாலும் சரி, வெளக்கு ஏத்தினதும் பல்லி வந்து ஒக்காந்து கொசுவுக்குக் காவல் இருக்கு. அது நாக்குத் தட்டினா, நாமளும் பேசிக்கிட்டிருந்த பேச்சைப் பாதியில நிறுத்தி, வெரலால தரையில ஒரு தட்டுத் தட்டி, சொல்லவந்தது நெசந்தானான்னு ஒரு தடவை நெனைச்சுப் பாக்கறோம்.