துடைத்துக்கொண்டே கேட்ட கேள்வி

நாலு நாள் பாடம் நடத்தியும் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஏறவில்லை.

நடத்தியவன் எபனேசர். கணக்கில் முதுகலை. பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவன் வந்தது பாடம் நடத்த அல்ல. தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டி, படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பள்ளி. நடத்துகிறவள் சண்முகவடிவு டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் அவனுக்குக் கணக்கு எடுத்தவள். அவளிடம் ஒரு கேள்வி கேட்க வந்தான்.

"டீச்சர், மாலத்தீவுல ஒரு பள்ளிக்கூடத்துல வேலை வந்திருக்கு. ரெண்டு வருஷம். சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். போகவா, வேண்டாமா?"

டீச்சர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இங்க என்ன குறை?"

"இங்க என்ன இருக்கு? படிச்சு முடிச்சு ஒரு வருஷமாச்சு. வேலை இல்ல. வீட்டுல சோறு தின்னாக்கூட வாய்க்கு வாய் கல்லு."

"அம்மா என்ன சொன்னா?"

"போயிட்டு வான்னுட்டா. மறுபேச்சே இல்ல."

"பின்ன எதுக்குல என்கிட்ட வந்த?"

"தெரியல டீச்சர். மனசு ஒப்பல."

டீச்சர் ஒரு சாக்பீஸை மேஜைமேல் உருட்டிவிட்டாள்.

"பின்னம் நடத்து. வெள்ளிக்கிழமை சொல்லுதேன்."

நடத்தினான். பத்தொன்பது பிள்ளைகள். பலகை நிறைய எழுதுவான். நாலு மணி ஆனதும் டஸ்டரை எடுப்பான். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே கேட்பான்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

பத்தொன்பது தொண்டையும் ஒன்றாக. நம்மூரில் எந்த வகுப்பிலும் கேட்கிற பாட்டுத்தான். அவனும் பாடி வளர்ந்தவன்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் டீச்சர் ஒரே ஒரு கணக்குக் கொடுத்தாள். ஒரு பாத்தி உப்பில் பாதியை ஒருத்தி வாரினாள். மீதியில் பாதியை இன்னொருத்தி வாரினாள். பாத்தியில் மிச்சம் எவ்வளவு?

பத்தொன்பது தாளும் வந்தன. பத்தொன்பதிலும் முந்தின நாள் அவன் பலகையில் போட்ட கணக்கு. தேதி உட்பட.

"பொய் சொல்லியிருக்குதுங்க," என்றான். "புரிஞ்சுதுன்னு சொன்னதை நீங்களே கேட்டீங்கள்லா?"

"கேட்டேன். நீ எப்படிக் கேட்டன்னும் பார்த்தேன்."

"எப்படிக் கேட்டேன்?"

டீச்சர் எழுந்தாள். டஸ்டரை எடுத்தாள். அவனுக்கு முதுகைக் காட்டினாள்.

"புரிஞ்சுதா?" என்றாள், துடைத்துக்கொண்டே.

"புரிஞ்சுது டீச்சர்," என்றான் எபனேசர்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை அவன் டஸ்டரைத் தொடவில்லை. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தான். ஒன்றும் எழுதவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. வெளியே உப்பு லாரி ஒன்று முனகிக்கொண்டே போயிற்று. பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ரொம்ப நேரம்.

கடைசி வரிசையில் செல்வமாரி என்று ஒருத்தி. பாத்தியில் நின்று நின்று பாதம் வெடித்தவள்.

"சார், எனக்கு முதல் நாளே புரியல."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க வெளிநாடு போறவங்கன்னாங்க. போறவங்களை எதுக்குப் பிடிச்சு நிறுத்தணும்னு விட்டுட்டேன்."

எபனேசர் அவளையே பார்த்தான்.

மாலத்தீவு போகவா என்று அம்மாவிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, தெருவைப் பார்த்தபடி கேட்டது.

வீட்டுக்குப் போனான். அம்மா முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பி வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

அவள் விரல்கள் அரிசிமேல் ஊர்ந்தன. நடுவில் ஒரு கல் கிடந்தது. கறுப்புக் கல். மிளகு அளவு இருக்கும். விரல் அதைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டிப் போயிற்று.

அந்தக் கல்லை அவன் எடுத்தான்.

"எத்தனை நாளாம்மா?"

விரல்கள் நின்றன.

"ஆறு மாசம் இருக்கும் ஐயா. சக்கரை கண்ணுல இறங்கிட்டுன்னாங்க. வலது கண்ணு போனது போனதுதானாம். இடதுல நிழலாட்டம் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"வேலை இல்லாம அலைஞ்சுக்கிட்டிருந்த. இப்ப நீ கிளம்புற நேரம்," என்றாள்.

மீதி அரிசியை அவன் பொறுக்கினான். பதினோரு கல் வந்தது.

சனிக்கிழமை டீச்சர் கேட்டாள். "பதில் அனுப்பிட்டியா?"

"வரலன்னு எழுதிட்டேன். திங்கட்கிழமை அம்மாவைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும். இருக்கிற கண்ணையாவது காப்பாத்தலாமான்னு பார்க்கணும். செவ்வாய்க்கிழமை இங்க வாரேன். பின்னத்தை முதல்ல இருந்து எடுக்கணும்."

"இங்க சம்பளம்னு பெருசா ஒண்ணும் கிடையாது."

"தெரியும்."

"பின்னால என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. போகவும் சொல்லல, இருக்கவும் சொல்லல நான்."

"நீங்க சொல்லல டீச்சர்."

"பின்ன யாருல சொன்னது?"

எபனேசர் வகுப்பின் கடைசி வரிசையைப் பார்த்தான்.

"செல்வமாரி."