சிட்டாயி வீட்டுப் பிடி

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடலோரத்தில் ஓர் உப்பளத்து ஊர் இருந்தது. அந்த ஊருக்கும் ராஜா ஒருத்தர் உண்டு. ஆனால் அவர் எங்கேயோ தூரத்தில் இருந்தார். உப்பு வேண்டும் என்றால் ஆள் அனுப்புவார். சாப்பிட்டீர்களா என்று கேட்க ஒரு நாளும் ஆள் அனுப்பினதில்லை. அதனால் இந்தக் கதையில் ராஜாவுக்கு வேலை இல்லை. இது சிட்டாயியின் கதை. கேளுங்கள் பிள்ளைகளே. பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிற தாய்மாரே, நீங்களும் கேளுங்கள்.

சிட்டாயி வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவள் புருஷன் உப்புத் தோணியில் போனான். தோணி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அக்கரையில் இறங்கினவன் திரும்ப ஏறவில்லை என்றார்கள். அவளுக்கு மயிலா என்று ஒரே மகள்.

சிட்டாயிக்குக் கூச்சம் அதிகம். எதிரே யாராவது வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவாள். ஊரார் அவளைத் தோணிக்காரன் பெண்டாட்டி என்பார்கள், மயிலா அம்மா என்பார்கள், அதுவும் வாயில் வராவிட்டால் "ஏ, இந்தாம்மா" என்பார்கள். சிட்டாயி என்று கூப்பிட ஆள் இல்லை. தனக்கு அப்படி ஒரு பேர் இருப்பது சில நாள் அவளுக்கே மறந்து போகும்.

ஊர் நடுவே ஒரு புன்னை மரம். அதன் நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்து, வாத்தியார் மணலில் எழுதச் சொல்லிக் கொடுப்பார். அப்பனும் ஆத்தாளும் அளத்திலிருந்து வர இருட்டிவிடும். காலையில் குடித்த நீராகாரம் சாயங்காலம் வரைக்கும் நிற்குமா? ஒரு நாள் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்று, எழுத்தின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டது.

ஊர் கூடியது. தலைவர் ராக்கப்பன் சொன்னார்: "வீட்டுக்கு ஒரு பிடி கம்பு. காலையிலே அளத்துக்குப் போற வழியிலே மரத்தடிப் பானையிலே போட்டுட்டுப் போங்க. சாயங்காலம் பிள்ளைங்க கஞ்சி குடிக்கட்டும்."

கஞ்சி காய்ச்ச இருளாயி வந்தாள். அவளுக்கு ஒரு கால் தாங்கலாக இருந்ததால் அள வேலைக்குப் போகமாட்டாள். கால்தான் அப்படி. தொண்டை வெண்கலம். அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பொதுப் பானையில் யார் பிடி போட்டாலும் அந்த வீட்டின் பேரைக் கூவ வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் வாழ்த்த வேண்டும்.

"சிட்டாயி வீட்டுப் பிடி விழுந்தது!" என்று முதல் நாள் அவளிடமே பேர் கேட்டுக்கொண்டு இருளாயி கூவினாள்.

"நிறையட்டும்!" என்றார்கள் எல்லாரும்.

அன்றைக்குத்தான் சிட்டாயிக்குத் தன் பேர் திரும்பக் கிடைத்தது. அளத்துக்குப் போகிற வழியெல்லாம் அது காதில் இருந்தது.

அப்புறம் காலம் இல்லாத காலத்தில் ஒரு மழை வந்தது. பாத்தியில் பூத்த உப்பெல்லாம் கரைந்து போனது. உடைந்த வரப்பைக் கட்டவும் தண்ணீரை இறைக்கவுமே வேலை இருந்தது. கூலியாகக் கொடுக்கிற கம்பு பாதியானது. சிட்டாயி வீட்டில் ராத்திரிக்கு அரைக் கும்பா கூழ். காலையில் பானையில் போட ஒரு பிடி இல்லை.

அவள் மரத்துப் பக்கம் போகாமல், கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் மயிலா கஞ்சி குடிக்கவில்லை. குடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லாம் பானையைச் சுற்றி உட்கார்ந்தபோது, அவள் மட்டும் மரத்துக்குப் பின்னால் போய் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி குடிக்கலை?" என்று ராத்திரி வீட்டில் தாய் கேட்டாள்.

"நம்ம வீட்டுப் பேரை இன்னிக்குக் கூவலையேம்மா" என்றாள் மகள்.

மறுநாள் காலையில் சிட்டாயி வரிசையில் வந்து நின்றாள். மூடின கையைப் பானைக்குள் விட்டாள். உள்ளே விரித்தாள். வெளியே எடுத்தாள். கையில் ஒன்றும் இருக்கவில்லை, பானையில் ஒன்றும் விழவில்லை. "சிட்டாயி வீட்டுப் பிடி விழுந்தது!" "நிறையட்டும்!" அன்று மயிலா கஞ்சி குடித்தாள்.

முதல் நாள் அவள் குனிந்த தலை நிமிராமல் ஓடினாள். இரண்டாம் நாள் கண் கலங்கியது. மூன்றாம் நாள் ஓட்டமும் இல்லை, கலக்கமும் இல்லை. பேர் மட்டும் காதில் விழுந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கஞ்சியும் நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே போனது. "இருளாயக்கா, இதுல என் மூக்குத் தெரியுது" என்றான் ஒரு பயல்.

"குடிடா. மூக்கோட சேர்த்துக் குடி" என்றாள் இருளாயி. ஆனால் அவளுக்கும் சந்தேகம் தட்டியது. தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

ராக்கப்பனுக்குக் கோபம் வந்தது. "பிள்ளைங்க வாயிலே போற கஞ்சியிலயா விளையாடுறாங்க? நாளைக்கு ஒவ்வொருத்தரும் கையை விரிச்சுக் காட்டிட்டுத்தான் போடணும்!"

சிட்டாயி விடியும் முன்னே எழுந்து உட்கார்ந்தாள். மணலைப் பிடித்துக்கொண்டு போகலாமா? பிள்ளைகள் பல்லில் கடிபடும். உப்பைப் பிடித்துக்கொண்டு போகலாமா? விரித்ததும் வெள்ளையாகத் தெரிந்துவிடும். போகாமலே இருந்துவிடலாமா? மயிலா மரத்துக்குப் பின்னால் போய்விடுவாள். யோசனை கேட்க ஒரு சீவன் இல்லை. விடிந்தது. வெறுங்கையை மூடிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள்.

பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மயிலாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிட்டாயி முறை வந்தது. கையை விரித்தாள். உள்ளங்கையில் நகம் பதிந்த தடம் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"சிட்டாயி வீட்டு..." என்று வாய் பழக்கத்தில் தொடங்கிய இருளாயி அப்படியே நிறுத்தினாள். "அடிப்பாவி! இத்தனை நாளா வெறுங்கையவா கூவினேன்?"

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றார் தலைவர்.

அந்த ஊருக்கு வந்த நாள் முதலாக நாலு பேர் முன்னால் அவள் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தாள். "நான் கம்பை எடுக்கலைய்யா. பேரைத்தான் வாங்கிட்டுப் போனேன். பேரு கேட்டாத்தான் எம்புள்ள குடிக்கிறா."

அப்போது அவளுக்குப் பின்னால் நின்ற குயவர் வீட்டு வேலம்மா தன் கையை விரித்தாள். அதுவும் வெறுங்கை. அவளுக்கும் பின்னால் நின்றவள் செல்லக்கனி, தலைவரின் கூடப்பிறந்த தங்கச்சி. அவளும் விரித்தாள். அதுவும் வெறுங்கை.

"செல்லக்கனி, நீயுமா? அண்ணன் வீடு பக்கத்துல தானே இருக்கு? கேட்கக் கூடாதா?"

"கேட்டா நீங்க குடுப்பீங்கண்ணே. அண்ணி அதை ஊர் பூராவும் சொல்லுவாங்களே."

மூன்று பேரும் ஒரே வரிசையில், ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தியாக நின்றிருக்கிறார்கள். நான் ஒருத்திதான் இப்படி என்று மூன்று பேரும் நினைத்திருக்கிறார்கள்.

தலைவர் தலை குனிந்துகொண்டார். இருளாயி மயிலாவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை அப்போதே எழுந்து மரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

இருளாயி ஒரு பழைய சேலைத் துணியை எடுத்துப் பானை வாயில் வேடு கட்டினாள். நடுவில் ஒரு கை நுழைகிற அளவுக்குக் கிழித்துவிட்டாள்.

"நாளையிலேர்ந்து எல்லாரும் கையை உள்ள விடுங்க. இருக்கிறவங்க போடுங்க. இல்லாதவங்க சும்மா விட்டு எடுங்க. எனக்கும் தெரிய வேண்டாம். இனிமே யார் வீட்டுப் பேரையும் கூவமாட்டேன்."

"அப்புறம் கஞ்சி தண்ணியாத்தானே இருக்கும்?" என்றது ஒரு குரல்.

"இருக்கிறவங்க ரெண்டு தடவை விடுங்க. கை அழுகியா போயிரும்?"

"அப்போ உன் தொண்டைக்கு என்ன வேலை இருளாயி?"

"சாயங்காலம் வந்து கேளு" என்றாள் அவள்.

சாயங்காலம் கஞ்சி கொதித்ததும் அவள் கூவினாள். எந்த வீட்டுப் பேரும் அதில் இல்லை. "புன்னை மரத்துப் பிள்ளைங்களா, எல்லாரும் வாங்க!" கடைசி உப்புப் பாத்தி வரைக்கும் அது கேட்டது. மரத்துக்குப் பின்னாலிருந்து மயிலாவும் வந்தாள்.

அப்புறம் வெயில் வந்தது. பாத்தியில் உப்புப் பூத்தது. கூலி முழுசாகக் கிடைத்தது. முழுக் கூலி வாங்கின மறுநாள் காலையில், விரலிடுக்கில் பிதுங்குகிற மாதிரி ஒரு பிடி கம்பை எடுத்துக்கொண்டு சிட்டாயி போனாள். துணிக்குள் கையை விட்டாள். கம்பு விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. இன்னொரு தடவையும் போட்டாள்.

அவள் காது பழக்கத்தில் ஒரு கணம் காத்திருந்தது. இருளாயி சாயங்கால அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உப்பளத்துக் கரையில் தனியாக நடக்கும்போது, "சிட்டாயி வீட்டுப் பிடி விழுந்தது" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபின், "நிறையட்டும்" என்பதையும் அவளே சொல்லிக்கொண்டாள்.

ஆகவே, பசித்த பிள்ளைக்குச் சோறு போடுகிறவர்களே, போட்டவர் பேரைச் சொல்லிக் கூவாதீர்கள், போட முடியாத வீட்டுப் பிள்ளையின் காதிலும் அது விழும்.