மாமனார் பார்த்த டிவிடி

மந்தங்குளத்து ஆட்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். "நான் வர்ற வரைக்கும் இங்கயே இருங்க" என்று அவர்களிடம் சொல்லிப்போன ஓர் அதிகாரி, அப்படியே மாற்றலாகிப் போய்விட்டார். பதினோரு வருஷமாக முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவர்கள் ஒரு சினிமா எடுத்தார்கள். நல்லசிவம் இயக்குநர், குப்பணன் கேமரா, ஆறுச்சாமி வெட்டி ஒட்டுகிற வேலை. கதைத்தாளில் "கொட்டும் மழையில் காதலன்" என்று எழுதியிருந்தது. சித்திரையில் ஆரம்பித்து, மழைக்காக ஐப்பசி வரை காத்திருந்தார்கள். மழையும் வந்தது. "கேமரா நனைஞ்சு போகும்" என்றான் குப்பணன். எல்லோரும் உள்ளே ஓடி, வெயில் அடித்த பிறகு வந்து எடுத்தார்கள்.

படம் தியேட்டரில் ஒரே நாள்தான் ஓடியது. நல்லசிவம் அதற்கு வருத்தப்படவில்லை. அவன் மனசெல்லாம் வஞ்சிக்கொடிமேல் இருந்தது. அவளுடைய அப்பா காளியண்ணன், வாய்க்கால் மதகு திறக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், கறாராகச் சொல்லிவிட்டார்.

"படத்தைப் பார்த்துட்டுத்தான் பொண்ணு. தியேட்டர் படி ஏற என்ற மூட்டு விடாது. டிவிடி போட்டுக் கொண்டாங்க. பங்குனி தாண்டுச்சுன்னா வேற எடம் பார்த்துருவேன்."

நல்லசிவம் உடனே கோவையில் ஒரு டிவிடி கம்பெனிக்கு எழுதிப் போட்டான். பதில் வந்தது: "படத்தோடு தனியாகச் சேர்த்துக் காட்ட, நீக்கப்பட்ட காட்சிகள் அரைமணி நேரமாவது இருந்தால்தான் வெளியிடுவோம்."

மூன்று பேரும் புளியமரத்தடியில் கூடினார்கள்.

"நாம ஒண்ணையும் நீக்கலியே" என்றான் நல்லசிவம்.

"நீக்காதது நம்ம தப்புத்தானுங். இப்ப நீக்கிப்போடலாம்" என்றான் ஆறுச்சாமி.

"எதை நீக்கறது?"

"மோசமானதைத்தான்" என்றான் குப்பணன்.

ஆறுச்சாமி வெகுநேரம் யோசித்தான். "அதெப்படி? நீக்குனதைத்தானே சனங்க ஆசையாப் பார்க்குது? மோசமானதை எடுத்து வச்சா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. நல்ல காட்சிகளை நீக்கினார்கள். நீக்கிவிட்டுப் பார்த்தால், மிச்சம் இருந்ததில் சில காட்சிகள் முன்னைவிட நன்றாகத் தெரிந்தன. அவற்றையும் நீக்கினார்கள். இப்படியே மூன்று நாள் போனது. கடைசியில் படத்தில் தலைப்பும் 'சுபம்' என்ற எழுத்தும் மட்டும் நின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஒன்பது வினாடிப் படம்.

படம் ஓடும்போது இயக்குநர் கூடவே பேச வேண்டும் என்றும் கம்பெனி கேட்டிருந்தது. நல்லசிவம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கமுங், என்ற பேரு நல்ல" என்பதற்குள் சுபம் வந்துவிட்டது.

காளியண்ணன் டிவிடியைப் போட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவக் குனிந்தார். நிமிர்ந்தபோது படம் முடிந்திருந்தது. நல்லசிவம் பக்கத்திலேயே நின்றான்.

"மாப்ள, ஒரு குத்தம் சொல்ல முடியலை. கெட்டவன் இல்ல, அழுகாச்சி இல்ல, ஒருத்தரும் சாகலை. சுபமா முடிஞ்சுது. பொண்ணு உங்களுக்குத்தான்."

"நீக்குன காட்சியெல்லாம் இருக்குதுங் மாமா, பார்க்கறீங்களா?"

"நீக்குனதை எதுக்குப் பார்க்கறது? அரிசில பொறுக்கிப்போட்ட கல்லை மறுபடி சோத்துல போட்டுத் திம்பாங்களா?"

பங்குனியிலேயே கல்யாணம் நடந்தது. குப்பணன் படம் பிடித்தான், ஆறுச்சாமி வெட்டி ஒட்டினான். மறுவீட்டு விருந்தன்று காளியண்ணன் கல்யாண டிவிடியைப் போட்டுக் கடைசிவரை பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

"தாலி கட்டவே இல்லியே?"

"அதுதானுங் ரொம்ப நல்லா வந்த காட்சி. அதனால நீக்கிப்போட்டேன்" என்றான் ஆறுச்சாமி பெருமையாக.

"நீக்கியாச்சுன்னா நடக்கலைன்னுதானே?"

"நீங்க பக்கத்துலதானுங் மாமா நின்னீங்க" என்றான் நல்லசிவம்.

"எனக்கு வயசாச்சு, கண்ணு தப்பாப் பார்த்திருக்கும். கேமரா தப்பாப் பார்க்குமா? வஞ்சி, நீ உள்ள போ சாமி."

நல்லசிவம் அழுதேவிட்டான். பாவம், கட்டின பெண்டாட்டியை விட்டுவிட்டுத் தனியாக ஊர் திரும்புவதென்றால் யாருக்குத்தான் அழுகை வராது?

இந்தக் கதையில் மூளை இருப்பது வஞ்சிக்கொடிக்கு மட்டும்தான். அவள் நல்லசிவத்துக்குச் சொல்லி அனுப்பினாள்: "வைகாசில இன்னொருக்காக் கட்டிக்கலாம். ஆனா கேமராவை உங்க வீட்டுலயே வச்சிட்டு வாங்க."

குப்பணன் சொன்ன சொல் தட்டவில்லை. கேமராவை நல்லசிவம் வீட்டு நடுவில் வைத்து, ஓடவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தான். கல்யாணம் அருமையாக நடந்தது. டிவிடியும் வந்தது. காளியண்ணன் இரண்டு மணி நேரம் ஒரு கட்டிலையும் ஒரு பல்லியையும் பார்த்தார்.

"இதுல எதையாச்சும் நீக்குனீங்களா?"

"நல்லதா ஒண்ணுமே இல்லீங், அதனால நீக்கலை" என்றான் ஆறுச்சாமி.

"அப்ப நிசம்தான். என்ற மகளைக் குடுக்கற வீட்டுல ஒரு ஆளுகூட இல்ல. இப்படிப்பட்ட வீட்டுக்கு எப்படி அனுப்புவேன்?"

ஆவணியில் மூன்றாவது முகூர்த்தம் குறித்தார்கள். இந்தத் தடவை மூன்று பேரும் முன்கூட்டியே யோசித்து, வீடு நிறைய ஆள் சேர்த்துக் கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். ஆள் குறையக்கூடாதென்று மாப்பிள்ளையும் பட்டுவேட்டியோடு அங்கேயே உட்கார்ந்தான். கோயிலில் வஞ்சிக்கொடியும் அப்பாவும் பூசாரியும் பத்து மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பதினொரு மணிக்குக் கழுத்து மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு வஞ்சிக்கொடி வந்து சேர்ந்தாள். கதவைத் தள்ளித் திறந்து, ஒருவர் பாக்கியில்லாமல் அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பிறகு, "நான் எங்கயும் போறதா இல்ல, இது என்ற வீடு" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் மூன்று பேரும் கேமராவில் பதிவானதைப் போட்டுப் பார்த்தார்கள். தாங்கள் எடுத்ததிலேயே இப்படி உயிருள்ள காட்சி ஒன்று கிடையாது என்று ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள்.

ஆறுச்சாமி உடனே அதை நீக்கிவிட்டான். நாலாவது முகூர்த்தம் தை மாதம், எல்லோரும் அவசியம் வரவேண்டும்.