முள்ளம்பன்றி விடுதிக்குக் கணினி வந்த கதை

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் ஒரு முள்ளம்பன்றி தன் குகையை விடுதியாக நடத்தி வந்தது. கோடையில் தண்ணீர் தேடி இடம்பெயரும் மான்கள்தான் அதற்குப் பிழைப்பு.

எதிர்க் குன்றில் குரங்கு புதிதாக ஒரு விடுதி திறந்தது. அங்கே கணினி இருந்தது. மான்கள் கிளம்பும் முன்பே இடம் உண்டா என்று செய்தி அனுப்பிக் கேட்டன. குரங்கும் உடனே பதில் போட்டது. அந்தக் கோடையில் முள்ளம்பன்றியின் குகையில் வௌவால்கள்தான் தொங்கின.

"அடுத்த கோடையும் இப்படிப் போனால் குகையை மூட வேண்டியதுதான்" என்று முள்ளம்பன்றியும் ஒரு கணினி வாங்கியது.

வாசலில் நின்று வரவேற்கும் கீரி ஆசையாய் ஓடி வந்தது. "முதலாளி, இதை என் மேசையில் வையுங்கள். செய்தி வந்தால் நானே பதில் போடுகிறேன்."

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்தன. "ஓகோ! வருகிறவர்களை அப்படியே குரங்கிடம் தள்ளிவிடவா? உன் மாமன் மகன் அங்கே தண்ணீர் சுமக்கிறானே, எனக்குத் தெரியாதா?"

"அவனோடு நான் பேசுவதே இல்லை, முதலாளி!"

"அதையும் நான் நம்ப வேண்டுமாக்கும்."

கணினி உள்ளறைக்குப் போனது. கதவைச் சாத்திக்கொண்டு முள்ளம்பன்றி அதன் முன் உட்கார்ந்தது.

கோடை வந்தது. செய்தியும் வந்தது. "நாங்கள் புள்ளிமான் கூட்டம். குட்டிகளும் உண்டு. கோடை முழுக்கத் தங்க இடம் கிடைக்குமா? வாடகை என்ன?"

முள்ளம்பன்றி கண்ணை இடுக்கியது. "வாடகை கேட்கிறதா? மானாவது மண்ணாவது! இது அந்தக் குரங்கின் வேலை. நம் வாடகையை வேவு பார்க்கிறது."

"யார் நீ? எந்தக் காடு? உன்னை அனுப்பியது யார்?" என்று கணினியில் தட்டியது.

"யாரும் அனுப்பவில்லை அண்ணே. குட்டிகள் நடக்க முடியாமல் தவிக்கின்றன. இடம் உண்டா, இல்லையா?"

வெளியே கீரி கதவைத் தட்டியது. "முதலாளி, செய்தி வந்த சத்தம் கேட்டதே. யாராயிருந்தாலும் 'வாங்க' என்று ஒரு வார்த்தை போடுங்களேன்."

"நீ ஏன் துடிக்கிறாய்? உனக்கும் இதில் பங்கு உண்டோ?"

குரங்கின் வயிறு எரியட்டும் என்று முள்ளம்பன்றி பதில் அனுப்பியது: "எங்கள் விடுதி நிரம்பி வழிகிறது. மூலையில்கூட இடமில்லை."

அன்று சாயங்காலம் குகை வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. எதிர்க் குன்றுக்கு அதுதான் வழி. குட்டிகளை நடுவில் விட்டு மான் கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

முள்ளம்பன்றி விழுந்தடித்து ஓடி வந்தது. "வாங்க, வாங்க! உள்ளே எல்லாம் காலிதான்!"

முன்னால் போன பெண்மான் நின்று, குகைக்குள் எட்டிப் பார்த்தது. "நிரம்பி வழிகிறது என்றீர்களே?"

"அது... அந்தக் குரங்குக்குச் சொன்னது அம்மா!"

"எங்களிடமல்லவா சொன்னீர்கள்?" பெண்மான் தன் குட்டியை அணைத்துக்கொண்டது. "காலியாக வைத்துக்கொண்டே இடமில்லை என்கிறவர், உள்ளே என்னத்தை ஒளித்து வைத்திருக்கிறாரோ! நிற்காதீர்கள் பிள்ளைகளே, நடங்கள்."

கூட்டம் எதிர்க் குன்றில் ஏறத் தொடங்கியது.

நீதி: வருகிறவரையெல்லாம் சந்தேகிப்பவரை, நம்பி வந்தவரும் சந்தேகிப்பார்.