தாமிரபரணி மீன்களும் நான்கு கடிதங்களும்

ஒரே ஒரு மீனைப் பார்த்துவிட்டு, அதை நம்பி ஒரு வரிகூட எழுத மாட்டார்கள் எஸ்தரும் உலகம்மாளும். இரண்டாவது ஒன்று வலையில் விழ வேண்டும்; அப்போதுதான் பேனாவைத் திறப்பார்கள். பாளையங்கோட்டையில் ஒரே கல்லூரியில் விலங்கியல் கற்பித்த இந்த இரு தோழியரும் ஒன்பது ஆண்டுகள் ஆற்றோரம் அலைந்து, தாமிரபரணி மீன்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். மீனுக்கு இரண்டு சான்று கேட்ட இவர்கள், நூலுக்கு மட்டும் ஒரே பிரதி வைத்திருந்தார்கள். அது எஸ்தர் வீட்டுக் கணினியில் இருந்தது.

உலகம்மாளுக்கு இது உறுத்தாமல் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், மார்ச் இருபதாம் தேதி, எஸ்தரின் பிறந்தநாளுக்குக் கேக்கோடு போனவர் கைப்பையில் ஒரு புதிய பென்டிரைவும் கொண்டுபோனார்.

"ஒரு காப்பி எடுத்துக்கிடுதேன்ட்டி. என் வீட்லயும் ஒண்ணு கெடக்கட்டும்."

"ஏட்டி, என் வீடு வேற, உன் வீடு வேறயா? பேசாம கேக்கை வெட்டு" என்றார் எஸ்தர்.

உலகம்மாள் கேக்கை வெட்டினார். வீட்டுக்குத் திரும்பி, அந்தப் பென்டிரைவில் முருகன் பாட்டுகளை ஏற்றிக்கொண்டார்.

இந்த ஆண்டு, நூலைப் பதிப்பகத்துக்கு அனுப்பப் பத்து நாள் இருக்கையில் கணினி எழுந்திருக்க மறுத்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு மூச்சு சுற்றிவிட்டு நின்றது, திரை கறுப்பு. மகளின் பிரசவத்துக்காக எஸ்தர் அன்று மாலையே கோவைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. கணினிப் பெட்டியை உலகம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் உலகம்மாள் அதைப் பீர் முகமதுவின் கடைக்குக் கொண்டுபோனார். இறந்த கணினிகளிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருவது அவர் தொழில். 'உங்கள் கோப்புகளைப் படிக்க மாட்டோம்' என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார்.

"மெஷின் போயிருச்சு மேடம். டிஸ்க்கும் அடிவாங்கியிருக்கு" என்றார் பீர் முகமது. "இருக்கதை மட்டும் எடுக்கவா, முன்னால அழிச்சதையும் தோண்டவா? ஏதாவது அத்தியாயம் போயிருந்தா, அதோட பழைய வரைவு அதுல கிடைச்சாலும் கிடைக்கும்."

உலகம்மாள் எஸ்தரைப் போனில் அழைத்து, கேள்வியை அப்படியே கேட்டார்.

"எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுட்டி. ஒண்ணு விடாம!"

மூன்றாம் நாள் இரண்டு கோப்புறைகள் கிடைத்தன: 'இருந்தவை', 'அழித்தவை'. இருந்தவையில் பதினோரு அத்தியாயங்களில் ஒன்பதுதான் இருந்தன. கெளுத்தியும் விராலும் காணவில்லை. அழித்தவையில் எந்தக் கோப்புக்கும் பெயர் மிஞ்சவில்லை, வெறும் எண்கள். எது கெண்டை, எது கேக் செய்முறை என்று திறந்தால்தான் தெரியும். உலகம்மாள் ஒவ்வொன்றாகத் திறந்தார். காணாமல்போன இரண்டு அத்தியாயங்களும் கிடைத்தன. ஏழாம் எண்ணில் ஒரு கடிதமும் கிடைத்தது.

அது பதிப்பாளருக்கு எஸ்தர் எழுதியது. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மார்ச் பதினான்கு என்று தேதியிட்டது. 'நூலை எழுதியது நான். மீன்களைச் சேகரிப்பதில் உலகம்மாள் உதவினார். அட்டையில் என் பெயர் மட்டும் போதும்.'

அதே கடிதம் பன்னிரண்டாம் எண்ணிலும் முப்பத்தொன்றிலும் நாற்பத்தாறிலும் இருந்தது, ஒவ்வொரு முறையும் நடை மெருகேறி. மூன்றாவதில் 'உதவினார்' என்பது 'ஓரளவு உதவினார்' ஆகியிருந்தது. நான்காவதில், ஏப்ரல் இரண்டாம் தேதியிட்டதில், உலகம்மாள் என்ற பெயரே இல்லை. 'ஒரு தோழி' என்றிருந்தது.

உலகம்மாள் கடைக்குத் திரும்பிப் போனார்.

"இதப் பாத்தீங்களா தம்பி?"

"ஒண்ணைப் பாத்தேன் மேடம். சரியாத் திறக்குதான்னு அஞ்சாறு கோப்பைத் திறந்து பாத்துட்டுத்தான் குடுப்பேன். கண்ணுல படத்தானே செய்யும்."

"இதை விட்டுட்டுக் குடுத்திருக்கலாம்லா?"

"ஒண்ணு விடாமன்னு சொன்னீங்க. நானா ஒண்ணை விட்டா, வேற எதையெல்லாம் விட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிறகு கோவைக்குப் போன். மறுமுனையில் அழும் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடியே எஸ்தர் பேசினார்.

"அந்த மார்ச்சுல நடந்த கருத்தரங்குல எல்லாரும் என்னை விட்டுட்டு உன்னையே கேள்வி கேட்டாங்கல்லா, அந்தக் கோவத்துல அடிச்சேன்ட்டி. அனுப்பவே இல்ல, அழிச்சிட்டேன். அழிச்சதை வச்சு என்னைக் கேப்பியா?"

அனுப்பவில்லை என்பது உண்மை. பதிப்பகத்தின் கடிதங்கள் இன்றும் இருவர் பெயருக்கும்தான் வருகின்றன.

இந்தக் கதையை நான் மூன்று பேரிடம் சொன்னேன். படிக்க மாட்டோம் என்று எழுதிவைத்துவிட்டுப் படித்தாரே, பீர் முகமதுதான் குற்றவாளி என்றார் ஒருவர். அடுத்தவர் கடிதத்தைக் கடைசிவரை படிப்பானேன் என்று உலகம்மாளைக் கடிந்தார் இன்னொருவர். மூன்றாமவர் எஸ்தரைச் சொன்னார், ஆனால் தவறான காரணத்துக்காக. வாசகரே, நீங்கள் சொல்லுங்கள்: நம்பிக்கைத் துரோகம் செய்தது யார்? எந்த நாளில்?

விடை: பீர் முகமது கேட்டுவிட்டுத்தான் தோண்டினார், தோண்டியது முழுதாக வந்ததா என்று பார்த்தார். உலகம்மாள் தேடியது விராலை. கடிதம் எழுதியதற்காக எஸ்தரைக்கூட மன்னிக்கலாம். நினைத்து அழித்ததற்கெல்லாம் தண்டனை என்றால் நம்மில் ஒருவரும் தப்ப மாட்டோம். ஆனால் தேதிகளைப் பாருங்கள். முதல் கடிதம் மார்ச் பதினான்கு, கடைசிக் கடிதம் ஏப்ரல் இரண்டு. கோபத்தில் எழுதுபவர் பத்தொன்பது நாள் நடையைத் திருத்திக்கொண்டிருப்பதில்லை. 'என் வீடு வேற, உன் வீடு வேறயா?' என்று கேட்டது இடையில், மார்ச் இருபது. துரோகம் நடந்த நாள் அதுதான். உலகம்மாளும் தேதிகளைப் பார்த்தார். இரண்டு பெயரும் போட்டே நூலைப் பதிப்பகத்துக்கு அனுப்பினார். பிறகு பென்டிரைவிலிருந்த முருகன் பாட்டுகளை அழித்துவிட்டு, நூலுக்கு இரண்டாவது பிரதி எடுத்துத் தன் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.